தொப்பிக் கதை சொல்லாமல் விட்டது

கேப்மாரி என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் திருடன் ஒருவன் தலையில் இருக்கும் தொப்பியை மாற்றி மாற்றி அணிந்து போலீஸ்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவினானாம். 'கேப்'பை மாற்றியவன் கேப்மாரி ஆனானாம். சென்னைத் தமிழைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுக்காமல் இருப்பதில்லை. நண்பர் ஒருவர் வீட்டுத் திருமண வரவேற்பில், பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருந்த நேரத்தில், இதை மறுபடியும் கேட்டேன். சொன்னவர் நிறையப் படித்தவர், சுவையாகப் பேசுகிறவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து பேமானிக்குப் போனார், அதற்கடுத்து சாவுகிராக்கிக்கு. என்னால் அவரோடு அடுத்த சொல்லுக்குப் போக முடியவில்லை. கேப்மாரி என்ற பெயரை நான் வேறோர் இடத்தில், அரசாங்கம் அச்சிட்ட தாளில், பார்த்திருந்தேன். அதிலிருந்து அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் மனம் நெருடுகிறது. ஏன் நெருடுகிறது என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொச்சைச் சொற்கள் மீது எனக்கு அளவற்ற பிரியம் உண்டு. அவற்றை இழிவானவை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஒரு நகரத்தில் யார் யாரெல்லாம் தோளோடு தோள் உரசி வாழ்ந்தார்கள் என்பதைக் கல்வெட்டுகூடச் சொல்லாமல் விடலாம், தெருவில் புழங்கும் சொல் சொல்லிவிடும்.

துட்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர்களின் சிறிய செப்புக் காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். அவர்கள் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வாங்கி விற்று, பிறகு போய்விட்டார்கள். இன்று அந்த ஊரில் அவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. காசின் பெயர் மட்டும் தமிழ்நாடு முழுவதும் செலவாகிக்கொண்டே இருக்கிறது. நைனா தெலுங்கிலிருந்து வந்தது. நாயனா என்றால் அப்பா. சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு இடம் தந்தவரே தாமர்ல வெங்கடப்பர் என்ற நாயக்கர்தான் என்னும்போது, இந்த ஊரில் அப்பாவுக்குத் தெலுங்குப் பெயரும் வழங்குவதில் வியப்பு இல்லை. ஆர்க்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்தது 1768-இல். அரண்மனை, லாயம், பட்டாளம், சமையற்கட்டு என்று உருது பேசுகிற ஒரு பெரிய கூட்டம் ஊருக்குள் வாழ்ந்தது. நாஸ்தா, கலீஜ், பேஜார், பேமானி எல்லாம் உருதுச் சொற்கள்.

இவை வந்தபடியே இருந்துவிடவும் இல்லை. 'பேஸார்' என்றால் பாரசீகத்தில் சலித்துப்போனவர். அங்கே மனிதர் பேஸாராக இருப்பார், சென்னையில் விஷயமே பேஜாராகிவிட்டது. 'பே ஈமானி' என்பது உருதுவில் நேர்மையின்மை என்ற குணத்தின் பெயர். இங்கே அந்தக் குணத்தை உடைய ஆளையே பேமானி என்று கூப்பிடுகிறோம். இப்படிக் கடன் வாங்கிய சொல்லை வளைத்துத் தன் வசதிக்குப் பயன்படுத்துகிற துணிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன். கஸ்மாலம் இன்னும் விசேஷம். அது ஆங்கில வசவு ஒன்றின் சிதைவு என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகத்தைப் புரட்டினால் அங்கேயே இருக்கிறது. வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்து, 'இந்தக் கச்மலம் உன்னை எங்கிருந்து வந்து பற்றியது?' என்று கண்ணன் கேட்கிறான். மனத்தின் அழுக்கு, மயக்கம் என்று அங்கே பொருள். தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்று சண்டை போடுகிற பெண்ணின் வாயிலும் குருக்ஷேத்திரத்திலும் ஒரே சொல் ஒலிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கதை எப்போது வரலாறாகிறது

சொல்லின் பிறப்பைப் பற்றிய கதைகளில் ஒரு வகை எப்போதும் கச்சிதமாக இருக்கும். ஒரு வெள்ளைக்காரர் வருவார், ஒரு முத்திரை இருக்கும், ஒரு நகைச்சுவை நடக்கும், சொல் பிறந்துவிடும். ஓசிக்குச் சொல்லப்படும் கதை அப்படிப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால்களில் கம்பெனிப் பணி என்பதற்கான ஆங்கில எழுத்துகளைக் குத்தி, தபால் கட்டணம் இல்லாமல் அனுப்பினார்கள், 'ஓ.சி.' என்ற அந்த எழுத்துகளே இலவசத்துக்குப் பெயராகிவிட்டன என்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லின் வழித்தடத்தைக் காட்ட வேண்டுமானால் நடுவில் படிகள் வேண்டும். தபால் அலுவலக உறையிலிருந்து அந்த எழுத்துகள் தெருவுக்கு எப்போது இறங்கின, யார் வாயில் முதலில் வந்தன, எந்த அச்சில் முதலில் ஏறின என்று கேட்டால், கதை சொல்கிறவர் மறுபடியும் முதலிலிருந்து அதே கதையைச் சொல்வார்.

கேடி விஷயம் வேறு. அதுவும் ஆங்கில எழுத்துகளால் ஆனதுதான். ஆனால் அதற்குப் பதிவேடு இருக்கிறது. சென்னை மாகாணக் காவல் நிலையங்களில் பழைய குற்றவாளிகளின் பெயர்களை 'நோன் டெப்ரிடேட்டர்' என்ற தலைப்பில், அதாவது அறியப்பட்ட கொள்ளைக்காரர் என்று, பட்டியலிட்டு வைத்தார்கள். அதன் முதலெழுத்துகள் கே, டி. போலீஸ்காரர்கள் தங்களுக்குள் கே.டி. லிஸ்ட் என்று பேசினார்கள், ஊரும் கற்றுக்கொண்டது. கேடு என்ற தமிழ்ச் சொல்லின் நிழல் ஏற்கெனவே இருந்ததால் நாக்கில் எளிதாக ஒட்டிக்கொண்டது. இங்கே கதைக்குப் பின்னால் காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் பெயர் ஏறியவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நம்முடைய இலக்கணக்காரர்கள் இந்த வகைச் சொற்களைக் கண்டு முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நன்னூல் வழக்கை ஆறாகப் பிரித்தபோது குழூஉக்குறிக்கும் ஓர் இடம் ஒதுக்கியது. ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணத்தால் பொருளின் பெயரை மறைத்து வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் தருவார்கள். கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயர் வைத்த வேடனை எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே போனதும் உள்ளதையெல்லாம் சொல்ல வைத்துவிடும் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? வாய்க்கு வந்தபடி சிதைந்த சொல்லையும் அவர்கள் விலக்கவில்லை. மரூஉ என்று பெயரிட்டு இயல்பு வழக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அருமருந்தன்ன என்பது அருமந்த ஆனது மரூஉ என்றால், முடிச்சவிழ்க்கி முடிச்சவிக்கி ஆனதும் மரூஉதான். பணத்தை வேட்டி முந்தியிலும் சேலைத் தலைப்பிலும் முடிந்துவைத்த காலத்தில், கூட்ட நெரிசலில் முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனவனின் பெயர் அது. சட்டைப்பையும் பர்ஸும் வந்து எவ்வளவோ காலம் ஆகியும் அந்த முடிச்சு சொல்லுக்குள் அவிழாமல் இருக்கிறது.

கையேட்டின் கடைசிப் பக்கங்கள்

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சேர்க்கைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சமூகங்களின் பட்டியல் இருக்கும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் வரிசை எண்ணோடு பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், எந்தெந்த மாவட்டங்களுக்குப் பொருந்தும் என்ற குறிப்பு. பொடி எழுத்து. பையன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தான். சீர்மரபினர் பகுதியில் அவன் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மாமா, இது திட்டுகிற சொல் ஆயிற்றே, இதை ஏன் இங்கே போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான். அங்கே கேப்மாரிகள் என்று இருந்தது. பக்கத்தில் செங்கல்பட்டு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டப் பெயர்கள்.

அச்சுப் பிழை என்றுதான் அவன் நினைத்தான். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன என்றால் அங்கே வீடுகள் இருக்கின்றன. விண்ணப்பம் நிரப்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதே கையேட்டை வாங்கி, இதே வரியில் விரல் வைத்து, இது என்னுடையது என்று கண்டுபிடிக்க வேண்டிய ஒரு பெண்ணோ பையனோ இருக்கலாம். சான்றிதழ் வாங்க தாசில்தார் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வரிசையில் பின்னால் நிற்கிறவர் சிரிக்கக்கூடும்.

சீர்மரபினர் என்ற தலைப்பே ஒரு வரலாற்றின் சுருக்கம். 1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒருவர் திருடினாரா என்று பார்க்க அந்தச் சட்டத்துக்கு அவசியம் இல்லை. அறிவிக்கப்பட்ட குலத்தில் பிறந்திருந்தாலே போதும். பெயரைப் பதிந்து, விரல் ரேகையை எடுத்து, குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். மதுரைப் பக்கம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது, நாடு முழுவதும் 1952-இல். குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டு, பிறகு அந்த அறிவிப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்தான் சீர்மரபினர். சட்டம் அவர்களை விடுவித்தது. பேச்சு விடுவிக்கவில்லை.

தொப்பிக் கதை என்னை ஏன் நெருடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கதை பொய்யென்று நான் வாதாட வரவில்லை. அப்படியே இருக்கட்டும், யாரோ ஒருவன் எப்போதோ தலையில் இருந்ததை மாற்றியே இருக்கட்டும். ஒருவனின் தந்திரத்துக்கு வைத்த பெயர் எப்படி ஒரு குலத்தின் பெயராகிப் பதிவேட்டில் ஏறியது, தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரைக்கும் எப்படி இறங்கியது என்பதல்லவா சொல்லப்பட வேண்டிய வரலாறு? கதை அதைத் தொடுவதே இல்லை. திருடன் ஒருவனை நம் கண்முன் நிறுத்தி, சிரிக்க வைத்து, அந்த மக்களைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. சிரித்தவர்கள் யாருக்கும் அப்படி ஒரு சமூகம் உண்டு என்பதே தெரியாமல் போகிறது. கே.டி. பட்டியலில் யாருடைய பெயர்கள் முதலில் ஏறியிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்தால் இரண்டு சொற்களும் ஒரே காவல் நிலையத்தின் வாசலில் வந்து நிற்கின்றன.

கைம்பெண்ணின் பெயரால்

அந்தக் கையேட்டுக்குப் பிறகு வசவுகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். கம்மனாட்டி என்ற சொல்லைத் தமிழ் லெக்ஸிகனில் தேடினால், கைம்பெண்டாட்டி என்பதன் சிதைவு என்று இருக்கும். பொருள்: விதவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதி அது. அதில் இந்தச் சொல் ஒரு பெண்ணின் நிலையைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக நிற்கிறது. தெருவில் அது பெரும்பாலும் ஆண்களைத் திட்டப் பயன்படுகிறது. முண்டை என்பதும் விதவைதான், தலை மழிக்கப்பட்டவள். அறுதலி என்றால் தாலி அறுத்தவள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நேர்ந்த இழப்பை எடுத்து, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைகளில் கல்லாக எறிகிறோம்.

எங்கள் குடும்பத்தில் ஓர் அத்தை இருந்தார். மிக இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தையல் இயந்திரத்தை வாசல் திண்ணைக்கு அருகில், வெளிச்சம் விழும் இடத்தில் போட்டிருப்பார். தெருவில் யாராவது சண்டை போட்டுக்கொண்டு இந்தச் சொற்களில் ஒன்றைக் கத்தினால் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிடுவார். இயந்திரம் நின்றுவிடும். சத்தம் ஓய்ந்த பிறகு நூலைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் ஆரம்பிப்பார். இதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. கத்தியவர்களுக்கும் அவரைத் தெரியும், அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள்தான். அவரை நினைத்து யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அது அவருடைய பெயர்தான்.

நினைத்துச் சொல்வதில்லையே என்பதுதான் பொதுவாக எல்லோரும் சொல்லும் பதில். சொல் தன் வேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது, சொல்கிறவனுக்கு வேர் தெரியாது, பிறகு குற்றம் எங்கே என்பார்கள். மொழி அப்படித்தான் நகரும் என்பது உண்மை. மாமூல் என்ற அரபுச் சொல்லுக்கு வழக்கமானது என்றுதான் பொருள். மாமூல் வாழ்க்கை திரும்பியது என்று பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன; அதே பக்கத்தில் மாமூல் வாங்கியவர் கைதான செய்தியும் இருக்கும். வழக்கமாகக் கொடுப்பது லஞ்சமாக நகர்ந்துவிட்டது, அதனால் யாருக்கும் காயம் இல்லை. கலாய்ப்பது பழைய அகராதிகளில் சினப்பது, கலகம் செய்வது. இப்போது விளையாட்டாகச் சீண்டுவது. கோபம் விளையாட்டாகத் தணிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மனிதர்களின் பெயர் வசவானால், வேர் அறுந்துவிட்டது என்று சொல்லும் உரிமை திட்டுகிறவருக்கு இல்லை. வேர் இன்னும் மண்ணில் இருக்கிறது, அதற்கு வரிசை எண்ணும் மாவட்டமும் இருக்கின்றன.

இதைத் தெருவின் குற்றம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சண்டாளன் என்ற சொல்லை எத்தனை பெரியவர்கள் மேடையில் பேசுகிறார்கள், எத்தனை நல்ல தமிழ் எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள்! அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் இருக்கும் பெயர். அதை வசவாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் 2024-இல் அறிவுறுத்த வேண்டியிருந்தது. பறையர் என்ற பெயரை ஐரோப்பியர்கள் இங்கிருந்து எடுத்துப்போனார்கள். 'பறையா' என்று ஆங்கிலத்தில் வழங்கும் அந்தச் சொல்லுக்கு எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் ஆகிவிட்டது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த தேசம் ஒன்றைக் குறிக்க ஆங்கில நாளிதழ்கள் அதைக் கூசாமல் தலைப்பில் போடுகின்றன. சென்னையிலிருந்து வெளியாகும் ஆங்கிலப் பத்திரிகையில் அதைப் படிக்க நேரும்போது, இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி அச்சுக்கோத்தார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்தத் திருமண வரவேற்புக்குப் பிறகு, கதை சொன்ன நண்பரிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இப்படி ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போனால் சென்னைத் தமிழில் என்ன மிஞ்சும், திட்டவும் முடியாத மொழி ஒரு மொழியா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. திட்டத்தான் வேண்டும். ஏமாற்றுகிறவனை, வாங்கிய காசைத் திருப்பித் தராதவனை, வரிசையில் குறுக்கே நுழைகிறவனை வாய்விட்டுத் திட்டினால்தான் சாதாரண மனிதனுக்கு மூச்சு வரும். அவரிடம் நான் சொன்னது இதுதான்: பேமானி என்று திட்டுங்கள், அதில் அவனுடைய நேர்மையின்மை மட்டுமே இருக்கிறது. முடிச்சவிக்கி என்று திட்டுங்கள், அதில் அவன் கை செய்த காரியம் மட்டுமே இருக்கிறது. கஸ்மாலம் என்று திட்டுங்கள், அர்ஜுனனே வாங்கிய திட்டு அது. பிறந்த வீட்டையும் இறந்த கணவனையும் மட்டும் விட்டுவிடுங்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சோமாறியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம்.